கதிரையில் இருந்து தரையைத் தொட்ட கதை

கராத்தே பழக்குவதற்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்.

பயிற்றுநர் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னீர்கள். எழும்பி நின்றேன். "வணக்கம்" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. கதிரையில் இருந்துவிட்டேன். நீங்கள் கை தட்டினீர்கள். எதற்குத் தட்டினீர்கள் என்று அப்போது விளங்கவில்லை. சுருக்கமாக முடித்ததற்காக இருக்கும் என்று நினைத்தேன்.

பேச வராதவனுக்கு எழுத வரும் என்று இல்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். முப்பது வருடம் பகலில் சுவர் கட்டும் மேசன் வேலை, பின்னேரத்தில் கராத்தே. இப்போது இரண்டும் இல்லை. அதனால் எழுத நேரம் இருக்கிறது. எழுத்துப்பிழைகளை மனைவி திருத்தித் தருகிறார். எனக்குச் சாதகமாக எழுதிய சில இடங்களையும் திருத்திவிட்டார்.

எழுதுவதற்குக் காரணம் ஒன்றுதான். உங்கள் எல்லோருடைய கைத்தொலைபேசியிலும் ஒரு வீடியோ இருக்கிறது. வவுனியாவில் நடந்த மாகாண இறுதிப் போட்டி. தர்சினி எதிராளியின் கன்னத்தில் உதைக்கிறாள். அந்தக் கணமே, மெத்தைக்கு வெளியே கதிரையில் இருக்கிற நான் குனிந்து, தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றுகிறேன். கொஞ்ச நேரத்தில் போட்டி முடிகிறது. அவள் வெல்கிறாள்.

அதைப் பார்த்து நீங்கள் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறீர்கள். அது ஏதோ இரகசியச் சைகை என்று. போன மாதம் முல்லைத்தீவில் நடந்த போட்டியைப் பார்க்கப் போயிருந்தேன். உங்களில் நாலு பேர் கதிரையில் இருந்தபடி தரையைத் தொட்டீர்கள். ஒருவர் தன்னுடைய ஆள் உதைக்க முன்னமே தொட்டார். ஒருவர் கதிரையோடு சரியப் பார்த்தார். நாலு பேருடைய ஆட்களும் தோற்றார்கள். இடுப்புப் பிடிப்பு மட்டும் மிச்சம்.

ஆகவே அன்றைக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். எப்படி உதைப்பது, எப்படிக் குத்துவது என்று நான் எழுதப்போவதில்லை. அது உங்களுக்குத் தெரியும். தெரியாமல் பயிற்றுநராக வந்திருந்தால் அது வேறு பிரச்சினை.

முதலில் எங்கள் இடத்தைச் சொல்ல வேண்டும். புளியங்குளத்தில் இருந்து உள்ளே போனால் ஒரு நெல் களஞ்சியம் இருக்கிறது. அதற்கு முன்னால் உள்ள சீமெந்துத் தளத்தில்தான் பழகினோம். அறுவடைக் காலத்தில் தளத்தின் முக்கால்வாசியில் நெல் காயும். மிச்ச மூலை எங்களுக்கு. நெல்லில் கால் வைக்கக் கூடாது. வைத்தால் களஞ்சியக்காரர் ஏசுவார். அவர் ஏசாவிட்டாலும் வைத்தவருக்கே மனம் கேட்காது. அதனால் எங்கள் ஆட்கள் போட்டியிலும் கோட்டுக்கு வெளியே கால் வைக்க மாட்டார்கள். எவ்வளவு தள்ளினாலும் விளிம்பில் நிற்பார்கள். ஒரு நடுவர் என்னிடம் வந்து, இதை எந்த முறையில் பழக்குகிறீர்கள் என்று கேட்டார். நெல் காயப்போட்டு என்றேன். நான் பகிடி விடுகிறேன் என்று நினைத்துப் போய்விட்டார்.

வீட்டில் இருந்து வருகிற பழக்கம் சில வேளை இப்படி உதவும். சில வேளை அடி வாங்கித் தரும். தர்சினிக்கு அடிதான் வாங்கித் தந்தது.

தர்சினி என்னிடம் வந்தபோது அவளுக்குப் பத்தொன்பது வயது. ஆடைத் தொழிற்சாலையில் வேலை. காலையில் இருந்து நின்று வேலை செய்துவிட்டு, சைக்கிளில் வந்து, திரும்பவும் நிற்பாள். ஒரு நாளைக்கு எத்தனை சட்டைக் கொலர் தைக்கிறாய் என்று ஒரு முறை கேட்டேன். அதை மட்டும் கேட்காதேங்கோ என்றாள்.

அவளுடைய இடது கால் நிலத்தில் இருந்து எழும்புவது கண்ணுக்குத் தெரியாது. முகத்துக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் தெரியும். வந்து, தொட்டும் தொடாமல், திரும்பிவிடும். போட்டியில் கையால் குத்தினால் ஒரு புள்ளி. வயிற்றுக்கு உதைத்தால் இரண்டு. முகத்துக்கு உதைத்தால் மூன்று. அவளுக்கு மூன்று புள்ளி எடுக்கிற கால் இருந்தது. அப்படி ஒரு கால் எனக்கு இருந்திருந்தால் நான் இன்றைக்கு இவ்வளவு அடக்கமாக எழுத மாட்டேன்.

நாலைந்து வருடம் பழகிய பிறகு ஒரு நாள் வந்து, விளையாட்டுப் பயிற்றுநர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்றாள். அதற்கு மாகாணத்தில் முதலாம் இடம் வேண்டும். வயதெல்லையும் இருந்தது. கணக்குப் பார்த்தோம். மூன்று வருடம், மூன்று போட்டி. அதற்குள் வென்றால் அந்த வேலை. இல்லாவிட்டால் கொலர். அவள் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் கதை குறைவு. அதுதான் பிறகு பிரச்சினையாக வந்தது.

முதலாம் வருடம் இறுதிப் போட்டி வரை போனாள். எதிராளி வவுனியாவைச் சேர்ந்த ரிஸ்னா. கை நல்ல வேகம். அவளுடைய பயிற்றுநர் இன்றைக்கு உங்கள் கூட்டத்தில் மூத்தவராக இருக்கிறார். இந்த இடத்தை வாசிக்கும்போது சிரிப்பார். சிரிக்கட்டும்.

நேரம் முடிய இன்னும் கொஞ்சம் இருக்கும்போது தர்சினியின் கால் போனது. ரிஸ்னாவின் கன்னத்தில் பூப்போலப் பட்டது. கூட்டம் எழும்பிவிட்டது. நானும் எழும்பிவிட்டேன். அப்போது தர்சினி என்ன செய்தாள் தெரியுமா. முன்னுக்குக் குனிந்து, ரிஸ்னாவின் தோளைத் தொட்டு, அந்தக் கையைத் தன் கண்ணில் ஒற்றினாள்.

உங்களுக்கு இது விளங்கும். நம் வீடுகளில் கால் பட்டால் அப்படித்தான் செய்வோம். புத்தகத்தில் பட்டாலும் செய்வோம், சுளகில் பட்டாலும் செய்வோம். ஆளில் பட்டால் கட்டாயம் செய்வோம். யாரும் யோசித்துச் செய்வதில்லை. கை தன்பாட்டில் போகும்.

பயிற்சியில் இது ஏன் எனக்குத் தெரியாமல் போனது என்று கேட்பீர்கள். பயிற்சியில் முகக்கவசம் போடுவோம். கால் கவசத்தில் படும். கவசத்திடம் யாரும் மன்னிப்புக் கேட்பதில்லை. பெரியவர்களுக்கான போட்டியில் கவசம் இல்லை. வெறும் கன்னம்.

உதைத்தவர் உடனே பின்வாங்கி, இரண்டு கையையும் உயர்த்தி, எதிராளியில் கண் வைத்தபடி நிற்க வேண்டும். அப்படி நின்றால்தான் மூலையில் இருக்கிற நடுவர்கள் கொடி தூக்குவார்கள். புள்ளி உதைக்கு மட்டும் இல்லை. உதைத்த பிறகு நிற்கிற நிலைக்கும்தான். தர்சினி நிற்கவில்லை, கும்பிட்டாள். ஒரு கொடியும் எழும்பவில்லை. அவள் கண்ணில் கை வைத்திருந்த நேரத்தில் ரிஸ்னா வயிற்றில் ஒரு குத்து விட்டாள். அதற்கு நாலு கொடியும் எழும்பின. ஒன்றுக்குப் பூச்சியம். போட்டி முடிந்தது.

வெளியே வரும்போது நடுவர்களில் ஒருவர் என் பக்கத்தில் வந்தார். "உங்கடை பிள்ளை கோயில் வாசலிலை நிக்கிறமாதிரி நிக்குது மாஸ்ரர். அடுத்தமுறை அர்ச்சனைத் தட்டையும் குடுத்துவிடுங்கோ," என்றார். நான் சிரித்தேன். உள்ளுக்குள் சிரிப்பு வரவில்லை.

இனி என் முதலாவது பிழை.

நான் மேசன். சுவர் சரிந்தால் முட்டுக் கொடுப்பேன். அதே மாதிரி யோசித்தேன். கை போகிறதா, கையைக் கட்டு. பழைய கராத்தே இடுப்புப்பட்டி ஒன்றை எடுத்து அவளுடைய வலது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டினேன். மாதக் கணக்காக அப்படியே உதைக்க விட்டேன். கை இழுக்கும், பட்டி விடாது. பிறகு பிறகு இழுப்பதும் நின்றது. பட்டியை அவிழ்த்துப் பார்த்தேன். கை அசையவில்லை. எனக்கு நல்ல பெருமை. களஞ்சியக்காரரைக் கூப்பிட்டும் காட்டினேன். அவர் நெல்லுக்கு வெயிலை மறைக்காமல் தள்ளி நிற்கச் சொன்னார்.

இரண்டாம் வருடமும் இறுதிப் போட்டி, திரும்பவும் ரிஸ்னா. நீங்கள் நம்பினால் நம்புங்கள், தர்சினி அந்தப் போட்டி முழுக்க ஒரு தடவைகூட முகத்துக்குக் கால் தூக்கவில்லை. குத்தினாள், தடுத்தாள், நகர்ந்தாள். கால் மட்டும் நிலத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. நான் கதிரையில் இருந்து காலைத் தூக்கு, காலைத் தூக்கு என்று கத்தினேன். கத்தியதற்கு நடுவர் என்னை எச்சரித்தார். இரண்டுக்குப் பூச்சியம்.

திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இருந்தாள். ஓமந்தைக்குக் கிட்ட வரும்போது சொன்னாள்.

"கையைக் கட்டினனீங்கள் மாஸ்ரர். காலும் சேந்து கட்டுப்பட்டிட்டுது. ரெண்டும் ஒரு இடத்திலைதான் இருந்திருக்கு போலை."

கோபமாகச் சொல்லவில்லை. நூல் அறுந்துவிட்டது என்று சொல்வதுபோலச் சொன்னாள். பஸ்ஸை நிறுத்தி இறங்கிவிட்டேன்.

கோபத்தில் இறங்கவில்லை. எனக்குக் கராத்தே பழக்கிய மாஸ்ரர் ஓமந்தையில்தான் இருந்தார். அவருடைய பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது, அதனால் எழுதவில்லை. நான் போனபோது வயல் கிணற்றடியில் தண்ணீர்ப் பம்பைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். கையைக் கட்டியதையும் சொன்னேன். கட்டியது நல்ல யோசனை, அவள்தான் பிழை என்கிற மாதிரிச் சொல்லியிருப்பேன். அவர் கேட்டுக்கொண்டே ஒரு நட்டை முறுக்கினார். பிறகு, நீ மெத்தைக்குள் போகும்போது முதலில் என்ன செய்வாய் என்று கேட்டார். மெத்தையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போவேன் என்றேன். எத்தனை வருடமாக என்றார். முதல் நாளில் இருந்து என்றேன்.

"உன்ரை கையை ஆர் கட்டினது?"

ஒருவரும் கட்டவில்லை என்றேன்.

"பிறகேன் அவளின்ரை கையைக் கட்டினனீ?"

அதற்கு மேல் அவர் கராத்தே கதைக்கவில்லை. பம்பைப் பிடி என்றார். பொழுது சாயும்வரை பிடித்தேன். நீங்கள் மூன்று நாள் பயிற்சிப் பட்டறைக்குப் போய்ப் பொன் எழுத்தில் அச்சடித்த சான்றிதழோடு வருகிறீர்கள். எனக்குக் கிடைத்தது கை நிறையக் கிறீஸ். ஆனால் அந்த ஒரு கேள்வியை நான் இன்றுவரை மறக்கவில்லை.

அடுத்த நாள் தர்சினிக்கு முன்னால் அந்தப் பட்டியை அடுப்பில் போட்டேன். அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். நல்ல பட்டி, களஞ்சியத்துக்குச் சாக்குக் கட்டக் கொடுத்திருக்கலாம் என்றாள்.

பிறகு கேட்டேன், கும்பிடத்தான் வேண்டுமா, போட்டி முடிந்த பிறகு கும்பிட்டால் போதாதா என்று. இதை நான் முதலாம் வருடமே கேட்டிருக்க வேண்டும். நீங்கள் உங்கள் ஆட்களிடம் கேட்கிறீர்களா என்று எனக்குத் தெரியாது. உங்கள் வீடியோக்களில் நீங்கள்தான் கதைத்துக்கொண்டு நிற்கிறீர்கள்.

அவள் யோசித்துச் சொன்னாள். "முடியும்மட்டும் பொறுக்கேலாது மாஸ்ரர். அந்தக் கால் சுடும். சுட்டா அடுத்த உதை வராது."

எவ்வளவு நேரம் பொறுப்பாய் என்று கேட்டேன். ஒரு மூச்சு என்றாள்.

ஒரு மூச்சு போதும். புள்ளி விழுந்தால் நடுவர் 'யமே' என்று சொல்லி நிறுத்துவார். உதைக்கும் அதற்கும் இடையில் ஒரு மூச்சுத்தான். உதைத்துவிட்டுப் பின்னுக்குப் போ, கையைத் தூக்கு, எதிராளியைப் பார். யமே சொன்ன பிறகு போய்த் தொட்டுக் கும்பிடு. இதுதான் எங்கள் ஏற்பாடு.

கவசத்தில் இதைப் பழக முடியாது. ஒரு கன்னம் வேண்டும். என் கன்னத்தைக் கொடுத்தேன். மெதுவாகத்தான் படும். ஆனாலும் தினமும் இருபது தரம். கன்னம் ஏன் ஒரு பக்கம் மட்டும் சிவந்திருக்கிறது என்று மனைவி கேட்டார். ஒரு பெண்பிள்ளை உதைக்கிறாள் என்றேன். என்ன செய்தீர்கள் அவளை என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

அப்போது ஒன்றைக் கண்டேன். மற்றவர்கள் உதை பட்டதும் கூட்டத்தைப் பார்ப்பார்கள். பயிற்றுநரைப் பார்ப்பார்கள். சிலர் கமராவைப் பார்ப்பார்கள், உங்கள் ஆட்கள் முக்கியமாக. இவள் எதிராளியை விட்டுக் கண் எடுக்க மாட்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டிய ஆளை விட்டுவிட்டு எங்கே பார்ப்பது. நடுவர்கள் எந்த நிலையைக் கேட்கிறார்களோ அந்த நிலை அவளுக்குத் தானாக வந்தது. நான் கட்டி வைத்த கைதான் அதைக் கொண்டுவந்தது.

இங்கேதான் என் இரண்டாவது பிழை. தளத்தில் யமே சொன்னது நான். அவள் வந்து கும்பிட்டபோது விட்டதும் நான். போட்டியில் யமே சொல்லப்போவது வேறு ஆள். யமே சொன்னால் இரண்டு பேரும் அவரவர் கோட்டுக்குத் திரும்ப வேண்டும். குறுக்கே நடந்துபோய் எதிராளியின் முகத்தைத் தொட்டால் அந்த ஆள் என்ன செய்வார் என்று நான் யோசிக்கவில்லை. கொத்தனார் ஒருவர் வாசல் வைக்க மறந்து சுவர் கட்டிய கதையைச் சொல்லிச் சிரித்தவன் நான். அதையே செய்தேன்.

மூன்றாம் வருடம். கடைசி வருடம். அடுத்த வருடம் அவளுக்கு வயது கடந்துவிடும்.

இறுதிப் போட்டி திரும்பவும் ரிஸ்னாவோடு. அவளுடைய பயிற்றுநர் நல்லாகத் தயார்ப்படுத்தியிருந்தார். தர்சினி உதைத்தால் குனிவாள், குனிந்ததும் குத்து. முதலாம் வருடமே அதைத் தன் கொப்பியில் எழுதி வைத்திருந்தார். நடுவர் வேறு மாகாணத்துக்காரர், தமிழ் கொஞ்சம்தான் தெரியும்.

முதல் நிமிடம் முடிய முன்னமே கால் போனது. கன்னம். ரிஸ்னா குத்துவதற்குக் கையை இழுத்து வைத்திருந்தாள். தர்சினி குனியவில்லை. இரண்டு அடி பின்னால் நின்று, கையைத் தூக்கி, அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ரிஸ்னா தன் பயிற்றுநரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பயிற்றுநர் தன் கொப்பியைப் பார்த்தார். கொடிகள் எழும்பின. மூன்று புள்ளி.

யமே என்றார் நடுவர். தர்சினி நேராக நடந்துபோய், ரிஸ்னாவின் கன்னத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். நடுவர் திகைத்துப் போனார். பிறகு எச்சரிக்கை கொடுத்தார்.

ரிஸ்னா சும்மா விடுகிற ஆள் இல்லை. இரண்டு குத்து, வயிற்றுக்கு ஒரு உதை. மூன்றுக்கு நாலு. தர்சினி திரும்பவும் முகத்துக்கு உதைத்தாள். ஆறுக்கு நாலு. திரும்பவும் போய்க் கும்பிட்டாள். இந்த முறை நடுவர் கடுமையாக நின்றார். விரலைக் காட்டி, இனி ஒரு தரம் இப்படிப் போனால் போட்டி எதிராளிக்கு என்று எனக்கும் அவளுக்கும் விளங்கும்படி காட்டினார். அதற்குத் தமிழ் தேவைப்படவில்லை.

அதன் பிறகு ரிஸ்னா வயிற்றுக்கு ஒன்று உதைத்தாள், ஒன்று குத்தினாள். ஆறுக்கு ஏழு. இருபது விநாடி மிச்சம்.

அப்போது ரிஸ்னாவின் பட்டி அவிழ்ந்துவிட்டது. நடுவர் மணிக்கூட்டை நிறுத்தி, கட்டச் சொன்னார். தர்சினி என் பக்கமாக இருந்த கோட்டுக்கு வந்து நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள்.

உதைத்தால்தான் உறுதி. கையால் ஒரு புள்ளி எடுத்தால் சமநிலை, பிறகு நடுவர்களின் கையில். உதைத்தால் கை போகும். போனால் தோல்வி. அவள் அதைத்தான் கேட்டாள், வாயால் இல்லை.

கும்பிடாதே என்று சொல்லலாம். அது நான் போன வருடம் பட்டியால் சொன்னதுதான். சொன்னால் கால் எழும்பாது. கும்பிடு என்று சொல்லலாம். சொன்னால் அவள் கும்பிட்டுவிட்டுத் தொழிற்சாலைக்குப் போவாள். ஒன்றும் சொல்லாமல் கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாம். அது நல்ல பயிற்றுநர் மாதிரித் தெரியும். நான் பல வருடம் அப்படித் தெரிந்திருக்கிறேன். ஆனால் அவள் கேட்டுக்கொண்டு நிற்கிறாள்.

ரிஸ்னா முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். நான் கீழே பார்த்தேன். என் கை இரண்டும் மடியில் சும்மா கிடந்தன. சீமெந்து கடித்த கை. அதற்கு அந்த நேரத்தில் ஒரு வேலையும் இல்லை.

"கால் உன்ரை," என்றேன். "கை என்ரை."

அவள் என் கையைப் பார்த்தாள்.

"உடனையோ?"

"உடனை."

திரும்பிப் போய்விட்டாள்.

நடுவர் தொடங்கச் சொன்னார். ரிஸ்னா முன்னுக்கு வந்தாள். தர்சினி ஒரு அடி பின்னுக்குப் போனாள், இரண்டு அடி போனாள். கால் எழும்பியதை நான் பார்க்கவில்லை, யாரும் பார்த்ததில்லை. கன்னத்தில் பட்ட சத்தம் கேட்டது. நான் குனிந்தேன். தரையைத் தொட்டேன். கண்ணில் ஒற்றினேன்.

கொடிகள் எழும்பியதை நான் காணவில்லை. குனிந்திருந்தேன். முப்பது வருடம் பழக்கி, ஒரே ஒரு முறை கிடைத்த புள்ளி. அதை நான் பார்த்தது உங்கள் வீடியோவில்தான். அதை எடுத்தவர் கமராவை என் பக்கம் திருப்பாமல் இருந்திருந்தால் இன்னும் நல்லாகப் பார்த்திருக்கலாம்.

நிமிர்ந்தபோது தர்சினி பின்வாங்கி நின்றாள். இரண்டு கையும் உயர்ந்திருந்தன. கண் ரிஸ்னாவில். நடுவர் யமே என்றார். அவளையே கூர்ந்து பார்த்தார். அவள் நடக்கவில்லை. தன் கோட்டுக்குத் திரும்பினாள். நடுவர் அப்போதுதான் என்னைப் பார்த்தார். நான் கையை மடியில் வைத்துக்கொண்டேன்.

ஒன்பதுக்கு ஏழு. ஏழெட்டு விநாடி மிச்சம். ரிஸ்னா பாய்ந்து வந்தாள். தர்சினியைத் தள்ளிக்கொண்டு விளிம்பு வரை கொண்டுபோனாள். வெளியே போனால் அவள் ஏற்கெனவே வாங்கிய எச்சரிக்கைகளோடு கதை முடிந்துவிடும். குதிக்கால் கோட்டில் நின்றது. அதற்குப் பின்னால் போகவில்லை. மற்றவர்களுக்கு அது நீலநிற மெத்தை. அவளுக்கு அங்கே நெல் காய்ந்துகொண்டிருந்தது.

மணி அடித்தது.

நடுவர் பிறகு என்னிடம் வந்தார். தட்டுத்தடுமாறிய தமிழில், தன்னுடைய அம்மாவும் கால் பட்டால் இப்படித்தான் என்றார். அது தெரியும், ஆனால் சட்டம் என்று ஒன்று இருக்கிறதே என்றார். நான் ஓம், உண்மைதான் என்றேன். பயிற்றுநர் கும்பிடக்கூடாது என்று சட்டப் புத்தகத்தில் இருக்கிறதா என்று போய்த் தேடிப் பார்க்கப்போவதாகச் சொன்னார். இன்னும் தேடிக்கொண்டிருப்பார்.

தர்சினி மெத்தையை விட்டு இறங்கி என் கதிரையடிக்கு வந்தாள். மூச்சு வாங்கியது. கையை நீட்டினாள்.

"கையைத் திருப்பித் தாங்கோ மாஸ்ரர்."

"எடு," என்றேன்.

நேராக ரிஸ்னாவிடம் போனாள். ரிஸ்னா கன்னத்தைத் தடவிக்கொண்டு இருந்தாள். இவள் வருவதைக் கண்டதும் கையால் தடுத்தாள்.

"வேண்டாம் அக்கா. உங்கடை மாஸ்ரர் அங்கையே கும்பிட்டிட்டார். நானும் கண்டனான்."

"அது அவரின்ரை கும்பிடு," என்றாள் தர்சினி. "இது என்ரை."

தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். ரிஸ்னா சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் அழுதாள். தர்சினி அவளுடைய தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் மற்றப் பக்கம் பார்த்தேன்.

இவ்வளவுதான் கதை. சைகை இல்லை. மந்திரம் இல்லை. அந்தப் பிள்ளைக்கு அந்த நேரத்தில் ஒரு கை குறைந்தது. என்னிடம் இரண்டு சும்மா இருந்தன. உங்கள் ஆளுக்கு எது குறைகிறது என்று எனக்குத் தெரியாது. அது கையாக இருக்காது. ஒருவருக்கு எதிராளியின் பெயர் தெரியாவிட்டால் அடிக்க வராது. ஒருவருக்குத் தகப்பன் கூட்டத்தில் இருந்தால் அடிக்க வராது. போய்க் கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள், நான் இரண்டு வருடம் கேட்காமல் விட்டேன். அதைத் தெரிந்துகொள்ளாமல் தரையைத் தொடுகிறவர்கள் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடுங்கள். போட்டி நடக்கிற மண்டபங்களில் தரை அவ்வளவு சுத்தம் இல்லை.

தர்சினிக்கு அந்த வேலை கிடைத்தது. இப்போது முல்லைத்தீவுப் பக்கம் பழக்குகிறாள். கொலர் வைத்த சட்டை போடுவதில்லை. அன்றைக்குப் பயிற்றுநர் கூட்டத்தில் கடைசி வரிசையில் இருந்தாள். நான் வணக்கம் சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தபோது மண்டபம் என்ன செய்வதென்று தெரியாமல் விழித்துக்கொண்டு இருந்தது. முதலில் கை தட்டியது அவள்தான். அவள் தட்டியதால் நீங்களும் தட்டினீர்கள்.

கூட்டம் முடிந்து சைக்கிளை எடுக்கும்போது அவளிடம் கேட்டேன், நான் ஒன்றும் பேசவில்லையே, எதற்குத் தட்டினாய் என்று.

"வாய் உங்கடை மாஸ்ரர்," என்றாள். "கை என்ரை."